ஒரு கட்டம், இரண்டு சொல்

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ராமநாதபுரம் அரண்மனைக்கு அருகே ஒரு மாடி அறையில் ஐம்பது பேர் அளவில் உட்கார்ந்திருந்தோம். மேற்கே இருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்த காற்று சன்னல் கதவுகளை அறைந்துகொண்டே இருந்தது. சாத்தினால் புழுக்கம், திறந்தால் தாள் பறக்கிறது. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைத் தாளின் மூலையில் வைத்து அழுத்திக்கொண்டோம். பதினொன்றுக்குப் பதினொன்று கட்டம், 40 நிமிடம், இருவர் கொண்ட அணி. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு இணையாக வந்தவர் மண்டபத்திலிருந்து வந்திருந்த ஓர் இளம்பெண். அவருடைய அம்மாவுக்குச் சொந்த ஊர் கடலுக்கு அந்தப் பக்கம், மன்னார். நான் பாம்பனில் பிறந்து வளர்ந்தவன்.

குறுக்கெழுத்துப் போட்டி என்றால் நிறையச் சொல் தெரிந்தவர்களின் விளையாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சொல் தெரிந்திருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் அந்தக் காலையில் எங்களைத் தடுக்கி விழவைத்ததும் தூக்கிவிட்டதும் வேறு ஒன்று. இரண்டு சொற்கள் ஒரு கட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்போது என்ன நடக்கிறது என்பதே அது. அதில் கணக்கு இருக்கிறது, தொல்காப்பியம் இருக்கிறது, மூளையும் இருக்கிறது.

இடமிருந்து வலம், ஏழாவது குறிப்பு இப்படி இருந்தது: ‘மேற்கே கிளம்பி வரும், மன்னார்ச் சந்தையில் வறுத்துக் கிடைக்கும் (4)’. நான்கு எழுத்து. முதலில் எதுவும் ஓடவில்லை. மேலிருந்து கீழ் வரும் சொற்களைப் பார்த்தோம். ‘சக்கரத்தைத் தாங்கும், புத்தகத்தைப் பெற்றுத் தரும் (3)’ என்பதற்கு ‘அச்சு’ என்று அந்தப் பெண் உடனே எழுதிவிட்டார். அதன் நடு எழுத்து எங்கள் சொல்லின் இரண்டாம் கட்டத்தில் விழுந்தது: ச். இன்னொரு பக்கம் ‘மீன்’ இறங்கி நான்காம் கட்டத்தில் ன் வைத்தது. இப்போது எங்கள் கையில் இருந்தது: வெற்றிடம், ச், வெற்றிடம், ன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழில் எழுத்து 247. நான்கு கட்டத்தையும் மனம்போன போக்கில் நிரப்பினால் 247-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். ஏறக்குறைய 372 கோடி வரிசைகள். ச், ன் இரண்டும் தெரிந்த பிறகு என்ன ஆகிறது? மூன்றாம் கட்டத்தைப் பாருங்கள். தமிழ்ச் சொல்லில் க், ச், த், ப் என்ற நான்கு மெய்களுக்கும் பின்னால் அதே இனத்து எழுத்துதான் வரும். பக்கம், பச்சை, பத்து, பாப்பா என்று சொல்லிப் பார்த்தாலே தெரியும். ஆகவே ச்-க்குப் பின்னால் ச முதல் சௌ வரை உள்ள 12 எழுத்தில் ஒன்று. முதல் கட்டத்தில் புள்ளி வைத்த எழுத்து வராது, ஆய்தம் வராது. 18-ம் 1-ம் போனால் 228. அதிலும் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டு வரிசைகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. அவை 96 எழுத்து. மிச்சம் 132. இதை 12-ஆல் பெருக்கினால் 1,584. இரண்டு கட்டம் நிரம்பியதும் 372 கோடி 1,584 ஆகிவிட்டது. இதில் பெரும்பகுதியைக் குறைத்தவை கடந்துவந்த அந்த இரண்டு எழுத்துகள்; மிஞ்சியதை மேலும் குறைத்துக் கொடுத்தது தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் வகுத்த மொழிமுதல் எழுத்தும் மெய்ம்மயக்கமும்தான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யச் சொல்லிப் பிள்ளைகளை வாட்டும் அந்தச் சூத்திரங்கள், பென்சில் பிடித்து உட்கார்ந்தவன் கையில் கருவியாக மாறுவதை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

இதையே வேறொரு வழியில் கண்டவர் கிளாட் ஷானன். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த பொறியாளர், கணிதர். 1948-ல் அவர் எழுதிய தகவல் தொடர்புக் கோட்பாட்டுக் கட்டுரைதான் இன்றைய கைபேசி, இணையம் எல்லாவற்றுக்கும் அடித்தளம். அந்தக் கனமான கட்டுரையின் நடுவே குறுக்கெழுத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. ஒரு மொழியில் எழுதும் எழுத்துகள் எல்லாமே புதுச் செய்தி சொல்வதில்லை. ஒரு பங்கு முன்பின் எழுத்துகளிலிருந்தே ஊகிக்கக் கூடியது. ‘இரா_நாத_ரம்’ என்று கடிதத்தில் இரண்டு எழுத்து அழிந்திருந்தாலும் தபால்காரர் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். இப்படி ஊகிக்கக் கூடிய பங்கை மிகைமை என்கிறார்கள். மிகைமையே இல்லாத மொழியில் எந்த எழுத்தை எங்கே போட்டாலும் சொல்தான். அங்கே கட்டத்தை எப்படி நிரப்பினாலும் குறுக்கெழுத்து ஆகிவிடும், புதிருக்கு வேலையே இல்லை. மிகைமை மிதமிஞ்சிப் போனால் குறுக்கும் நெடுக்கும் சொற்கள் ஒத்துவரவே வராது. ஆங்கிலத்தின் மிகைமையை ஏறத்தாழ 50 சதவீதம் என்று ஷானன் மதிப்பிட்டார்; பெரிய குறுக்கெழுத்துக் கட்டங்கள் சரியாக அந்த எல்லையில்தான் சாத்தியமாகின்றன என்றார். 33 சதவீதமாக இருந்தால் நீளம், அகலம், உயரம் என்று முப்பரிமாணக் குறுக்கெழுத்தே அமைக்கலாமாம்.

தமிழுக்கு இந்தக் கணக்கு வேறு முகம் காட்டுகிறது. ஆங்கிலக் கட்டத்தில் 26 எழுத்தில் ஒன்று உட்காருகிறது. நம் கட்டத்தில் சில சமயம் முழு அசை (சா), சில சமயம் வெறும் மெய் (ச்), அபூர்வமாகத் தனி உயிர் (அ). தனி உயிர் சொல்லின் முதலில்தான் வரும். அளபெடை புதிரில் வராது. ஆகவே இரண்டு சொற்கள் சந்திக்கும் கட்டத்தில் ஓர் உயிரெழுத்து இருந்தால், அந்த இரண்டு சொற்களுமே அங்கேதான் தொடங்க வேண்டும். புள்ளியெழுத்து இருந்தால் இரண்டில் எதுவும் அங்கே தொடங்க முடியாது. தமிழ்ப் புதிர்களில் கறுப்புக் கட்டம் அதிகமாகவும், பிறிதொரு சொல் கடக்காத தனிக்கட்டங்கள் நிறையவும் இருப்பதற்கு இதுவே காரணம். அமைப்பவருக்குத் திறமை போதவில்லை என்று குறை சொல்பவர்கள் ஒருமுறை தாமே அமைத்துப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவிலிருந்து வரும் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த உழைப்பின் அளவு தெரியும்.

கணினிக்கு இது இன்னொரு தலைவலி. நான்கு எழுத்துச் சொல் என்று நாம் விரல்விட்டு எண்ணுவதை யூனிகோடு முறை வேறு மாதிரி எண்ணும். புள்ளி தனிக் குறி, துணைக்கால் தனிக் குறி. நாங்கள் தேடிக்கொண்டிருந்த அந்தச் சொல் கணினிக்கு ஏழு குறிகள். எழுத்து என்றால் எது என்று முதலில் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் கட்டம் போடவே முடியும்.

சரி, அந்தச் சொல்லுக்கு வருகிறேன். என் மனதில் முதலில் வந்து நின்றது ‘மச்சான்’. எழுத்துப் பொருந்துகிறது, பொருள் பொருந்தவில்லை. மேற்கே இருந்து மச்சான் வரலாம், அவரை யாரும் வறுப்பதில்லை. தெரிந்தும் அந்தச் சொல் போக மறுத்தது. வேறு எதை நினைத்தாலும் மறுபடி அதுவே வந்து குறுக்கே நின்றது. ‘தச்சன்’ வந்தது, போனது, மச்சான் போகவில்லை. முன்வரிசையில் இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காதில் விழுந்த சொல், வாசலை அடைத்துக்கொண்டுவிட்டது.

தொண்டைக்குழி வரை வந்துவிட்டது, வாயில் வரமாட்டேன் என்கிறது என்போமே, அந்த நிலையை 1966-ல் ஹார்வர்டில் ரோஜர் பிரவுனும் டேவிட் மக்நீலும் ஆராய்ந்தார்கள். அபூர்வமான சொற்களின் விளக்கத்தை வாசித்துக் காட்டி, சொல்லைக் கேட்டார்கள். அவர்கள் எடுத்த சொற்களில் சம்பான் என்ற படகின் பெயரும் உண்டு. திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து கடலில் மிதந்து வரும் அம்பரின் ஆங்கிலப் பெயரும் உண்டு. நம் கடற்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கேட்டிருந்தால் பிள்ளைகள் பட்டென்று சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். சொல் வராமல் திணறியவர்களிடம் பிரவுனும் மக்நீலும் கண்டது வியப்பானது. சொல் தெரியாவிட்டாலும் அதன் முதல் எழுத்து என்ன, எத்தனை அசை என்பதை அவர்கள் பல நேரம் சரியாகச் சொன்னார்கள். அதாவது மூளை ஒரு சொல்லை ஒரே மூட்டையாகக் கட்டி வைக்கவில்லை. பொருள் ஓரிடம், ஒலி ஓரிடம், எழுத்து ஓரிடம். பொருளிலிருந்து ஒலிக்குப் போகும் பாதையில் அடைப்பு விழுந்தாலும் ஒலியின் சில துண்டுகள் கைக்கு எட்டும்.

குறுக்கெழுத்து அந்த அடைப்புக்கு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. குறிப்பு பொருள் பக்கமிருந்து தள்ளுகிறது. கடக்கும் எழுத்து ஒலிப் பக்கமிருந்து இழுக்கிறது.

இணைக்காரப் பெண் குறிப்பை உதடு அசையாமல் இரண்டாம் முறை படித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, “அண்ணே, எங்கம்மா நெலக்கடலைய என்னன்னு சொல்லும் தெரியுமா? கச்சான்னுதான் சொல்லும்” என்றார்.

அப்போதுதான் எனக்கும் திறந்தது. கச்சான்! பாம்பனில் நான் கேட்டு வளர்ந்த காற்றின் பெயர். எங்கள் கரையில் காற்றுக்குத் திசை வைத்துத்தான் பெயர்: வடக்கே இருந்து வாடை, கிழக்கே இருந்து கொண்டல், தெற்கே இருந்து சோழகம், மேற்கே இருந்து கச்சான். கச்சான் காலத்தில் எந்தக் கடலில் இறங்கலாம், எதில் இறங்கக் கூடாது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்குப் பாதி தெரிந்திருந்தது, அவருக்குப் பாதி. கடலுக்கு இந்தப் பக்கம் காற்று. அந்தப் பக்கம் கடலையும். தாளை அழுத்திப் பிடித்தபடி நான் தேடிய சொல்தான் இவ்வளவு நேரமும் சன்னலை அறைந்துகொண்டிருந்தது.

இப்படிச் சட்டென்று விடை திறக்கும் கணத்தைத் தலையில் மின்முனைகள் பொருத்தி மார்க் பீமனும் ஜான் கூனியோஸும் 2004-ல் அளந்து காட்டினார்கள். மூன்று சொற்களைக் கொடுத்து மூன்றோடும் சேரும் நான்காவது சொல்லைக் கேட்பது அவர்கள் வைத்த சோதனை. படிப்படியாகத் தேடிக் கண்டபோது தெரியாத ஒன்று, பளிச்சென்று கண்டபோது தெரிந்தது. விடை கிடைத்தது என்று பொத்தானை அழுத்துவதற்கு ஏறக்குறைய 0.3 விநாடி முன்னால், வலது காதுக்கு மேலே உள்ள மூளைப் பகுதியில் உயர் அதிர்வெண் மின் அலை ஒன்று எழுந்தது. ஒன்றுக்கொன்று தொலைவான பொருள்களை இணைப்பதில் அந்தப் பகுதிக்குப் பங்கு உண்டு. காற்றும் கடலையும் போலத் தொலைவான இரண்டை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் சொல்லின் முதல் கட்டத்தை வேறு எந்தச் சொல்லும் கடக்கவில்லை. கட்டம் மட்டும் சாட்சி என்றால் கச்சான், மச்சான், தச்சன் மூன்றுக்கும் இடம் உண்டு. குறிப்பு தெளிவாக இருந்ததால் தப்பித்தோம். ‘வீட்டுக்கு வந்தால் செலவு உண்டு’ என்று குறிப்புக் கொடுத்திருந்தால்? தச்சனா, மச்சானா? இரண்டுக்கும் நியாயம் உண்டு. இந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு காலத்தில் பெரும் பணம் ஓடியது. 1930-களில் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடன் நடத்திய பரிசுக் குறுக்கெழுத்து, பத்திரிகையின் விற்பனையைத் தூக்கி நிறுத்தியது. பிறகு பெங்களூரிலிருந்து வந்த ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ வார இதழின் ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்துப் போல நாடு முழுவதும் போட்டிகள் கிளம்பின. இரட்டை விடைக்கு இடம்கொடுக்கும் கட்டம் பத்து இருந்தால் 2-ஐப் பத்து முறை பெருக்குங்கள்: 1,024 விதமான விடைத்தாள். அத்தனையும் சரியான தமிழ் அல்லது சரியான ஆங்கிலம், பரிசு ஒன்றுக்குத்தான். அது அறிவுப் போட்டியா, சீட்டாட்டமா? நாடாளுமன்றம் 1955-ல் பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்து, மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், திறமையைப் பெரிதும் சாராத போட்டிகளுக்கே இந்தச் சட்டம் பொருந்தும் என்று 1957-ல் தீர்ப்பானது. நல்ல புதிருக்கும் சூதுக்கும் நடுவே நிற்கும் வேலி, கடந்துசெல்லும் அந்த இன்னொரு சொல்தான் என்று நான் நம்புகிறேன்.

அச்சிட்ட குறுக்கெழுத்து பிறந்தது 1913 டிசம்பர் 21 அன்று, நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில். அமைத்தவர் ஆர்தர் வின். ஆனால் ஒரு கட்டத்து எழுத்தை இரண்டு வரிக்கு வேலை வாங்கும் கலை அதற்குப் பல நூற்றாண்டு முன்பே தமிழில் இருக்கிறது. அதன் பெயர் சித்திரகவி. அதன் பெரிய கைகளில் ஒன்று எங்கள் கரையைச் சேர்ந்தது. பாம்பன் சுவாமிகள் என்று ஊர்ப்பெயராலேயே அறியப்படும் குமரகுருதாச சுவாமிகள், ராமேசுவரம் சாலையில் இருக்கும் பிரப்பன்வலசையில் தவமிருந்தவர். 1929-ல் சென்னையில் மறைந்தார். வேல் வடிவத்தில் சஸ்திர பந்தம், மயில் வடிவில் மயூர பந்தம், தாமரையாகக் கமல பந்தம், 64 கட்டத்துச் சதுரங்க பந்தம் எல்லாம் அவர் பாடியிருக்கிறார். வேல் படத்தைச் சட்டமிட்டுப் பூசையறையில் மாட்டியிருக்கும் வீடுகள் எங்கள் பக்கம் ஏராளம். அதன் அருகே போய்ப் பார்த்தால் விரல் நுனியில் புதிர் தெரியும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரே எழுத்து நிற்கும். பாட்டு அந்த வழியாக இரண்டாம் முறை வரும்போதும் அதே எழுத்தை மிதித்துத்தான் போகும். அவருடைய சண்முக கவசம் 30 பாடல். 12 உயிர், 18 மெய் வரிசைகள் முறைப்படி ஒவ்வொரு பாட்டையும் தொடங்குகின்றன. சொல்லுக்கு முதலில் வர இலக்கணம் இடம்தராத எழுத்துகளும் தத்தம் முறை வந்ததும் தொடங்கியாக வேண்டும். பக்தியில் படிப்பவர்கள் அந்தக் கட்டுமானத்தையும் ஒரு கணம் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பந்தங்களில் கணக்குக்கு மிக வாகானது சுழிகுளம். நான்கு வரி, வரிக்கு எட்டு எழுத்து, மொத்தம் 32. வழக்கம்போல வரிவரியாகப் படித்தாலும், முதல் நிரலில் இறங்கி, கடைசி நிரலில் ஏறி, இரண்டாம் நிரலில் இறங்கி, ஏழாம் நிரலில் ஏறி, இப்படிக் குளத்தில் நீர் சுழல்வதுபோல உள்ளே போய் முடித்தாலும் அதே பாட்டு வர வேண்டும். ஒரு காகிதத்தில் 32 கட்டம் வரைந்து எண்ணிப் பார்த்தேன். முதல் வரியின் இரண்டாம் எழுத்தும் இரண்டாம் வரியின் முதல் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்படி 24 கட்டங்கள் 12 சோடிகளாகப் பிணைந்துகொள்கின்றன. 8 கட்டங்கள் மட்டும் தனி. ஆக, 32 எழுத்துப் பாட்டில் கவிஞர் விரும்பி எடுக்கக் கூடியது 20. மிச்சம் 12 தாமாக முடிவாகிவிடும். சருப்பதோபத்திரம் இன்னும் கடுமை. 64 கட்டத்தில் நான்கு பக்கமிருந்தும் ஒரே பாட்டாக வர வேண்டும். அங்கே தேர்வுக்குக் கிடைப்பது 10 எழுத்துதான். தண்டியலங்காரத்தில் இதற்குக் காட்டப்படும் பாட்டில் புள்ளியெழுத்து ஒன்றுகூட இல்லை, எல்லாமே நெடில். காரணம் நாம் ஏற்கெனவே பார்த்ததுதான். புள்ளியெழுத்து தனக்குப் பின்னால் வருவதைக் கட்டிப்போடும். திருப்பிப் படித்தால் முன்னால் இருந்தது பின்னால் வந்துவிடும். இரண்டு பக்கமும் கட்டினால் கவிஞர் எங்கே போவார்?

ராமேசுவரத்தைப் பாடிய திருஞானசம்பந்தரும் இந்த விளையாட்டுக்கு அந்நியர் அல்லர். மூன்றாம் திருமுறையில் ஒரு பதிகம் முழுவதும் மாலைமாற்றாகவே, அதாவது முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும்படியே பாடியிருக்கிறார். எங்கள் புதிர்த்தாளிலும் ஒரு மாலைமாற்று இருந்தது: ‘காவிரி பிறக்கும் ஊர், எந்தப் பக்கமிருந்து வந்தாலும் (3)’. குடகு. இதை ஒலிப்பதிவு செய்து பின்னோக்கி ஓட்டினால் குடகு கேட்காது. கு என்ற ஒலி உக் என்று திரும்பும். மாலைமாற்று காதுக்கானது அல்ல, எழுத்துக்கானது. உயிர்மெய்யை ஒரே எழுத்தாகப் பார்க்கும் மொழிக்குக் கிடைத்த இன்பம் அது.

அன்று முதலில் முடித்தது ஒரு முதிய இணை, இருவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. ‘நடிகரோடு நூறு லட்சம் சேர்ந்தால் கடல் கொண்ட ஊர் (5)’ என்ற குறிப்பில் இளைஞர்கள் தனுஷைப் பிடித்து அங்கிருந்து கோடிக்குப் போனார்கள். அந்தப் பெரியவர்களுக்கு நடிகர் தேவைப்படவில்லை. கடல் கொண்ட ஊர் என்றதும் 1964 டிசம்பர் புயல்தான். 1999-ல் டேவிட் ஹாம்ப்ரிக், திமத்தி சால்ட்ஹவுஸ் குழுவினர் குறுக்கெழுத்துப் போடுபவர்களை ஆராய்ந்தபோது கண்டதும் இதுவே: தர்க்க வேகம் வயதோடு குறைகிறது, சேர்ந்திருக்கும் அறிவு அதை ஈடுகட்டி மேலே கொண்டுபோகிறது. குறுக்கெழுத்து மறதி நோயைத் தடுக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொலம்பியா, டியூக் பல்கலைக்கழகங்கள் லேசான நினைவுக் குறைபாடு உள்ள 107 பேரை 78 வாரம் பின்தொடர்ந்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், கணினி விளையாட்டு ஆடியவர்களைவிடக் குறுக்கெழுத்துப் போட்டவர்கள் ஓரளவு மேலாக இருந்தார்கள். இரண்டுமே செய்யாத குழு அதில் இல்லை. ஆகவே மருந்து என்று சொல்லிவிட முடியாது; தாத்தாவின் கையில் பென்சில் இருப்பது நல்லது என்று சொல்லலாம்.

நாங்கள் இருவரும் மூன்று கட்டம் மிச்சம் வைத்துத் தாளைக் கொடுத்தோம். திரும்பும்போது ஒரே பஸ். மண்டபம் நெருங்கும்வரை அவர் எதுவும் பேசவில்லை; கைப்பைக்குள் இருந்த துண்டுத்தாளில் எதையோ எழுதி அடித்து எழுதிக்கொண்டிருந்தார். நிறுத்தம் வந்ததும் எழுந்தவர், “அண்ணே, நான் ஒண்ணு கட்டியிருக்கேன். வடக்க இருந்து வரும், மூக்கப் பிடிக்க வைக்கும். ரெண்டெழுத்து” என்றார். பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டார். பஸ் கிளம்பி, வலையும் கருவாடும் காயும் மணல்மேட்டைத் தாண்டுவதற்குள் எனக்குக் கிடைத்துவிட்டது.